காதுவில்லை எண் 214

கூடத்து வாசலில் முப்பத்தேழு ஜோடி ரப்பர் பூட்சுகள்.
மழை. ஆகஸ்ட். சவுத்லாண்டில் கன்று ஈனும் மாதம்.
ஆனாலும் வந்திருந்தார்கள்.
பள்ளி நீச்சல்குளத்துக்குக் கூரை வேண்டுமே.
படத்தைத் தேர்ந்தெடுத்தது நான்:
பண்ணை விலங்குகள் பாடும் கார்ட்டூன்,
வாடகை மலிவு.
ஏன் மலிவு என்பது
பத்தாவது நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

படம் முடிந்ததும் தேநீர்.
தேநீரோடு தீர்ப்பு.

லோர்னா க்ரூக்‌ஷாங்க் ஆரம்பித்தார்:
"ஏழு பாட்டு. ஒன்றில்கூட ஒருத்தரும் பால் கறக்கவில்லை.
அத்தனை நேரம் மடி கனத்து நின்றால்
ராகமா வரும்? அலறல்தான் வரும்."

மாட்டு டாக்டர் ரேவா திபெனே
காற்றில் ஒரு படுக்கைக் கோடு இழுத்தார்.
ஆட்டின் கண்மணி இப்படிக் கிடக்க வேண்டும்,
இவர்கள் வட்டமாய்ப் போட்டிருக்கிறார்கள்.
"ஆட்டுத்தோல் போர்த்திய நாய் அது."

பன்றியின் நிழல் ஒரு தரம் முன்னால், ஒரு தரம் பின்னால்,
ஒரே வெயிலில்.
காதல் பாட்டு,
வற்றிய மடியை விடாமல் பிழிந்துகொண்டிருந்தது.
நள்ளிரவில் கூவிய சேவலுக்கு மட்டும்
மெர்வ் பாக்ஸ்டரின் ஆதரவு:
தன் வீட்டிலும் அப்படியொரு கூறுகெட்டது இருக்கிறதாம்.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் குறையே இல்லை.
டில்லி மட்டும் வந்து என் சட்டையை இழுத்தாள்:
வாத்து வாயைத் திறந்ததே,
அதற்கு ஏன் பாட்டு கொடுக்கவில்லை?
மறந்திருப்பார்கள் என்றேன்.
யார் என்றாள்.

மர்டோ மக்கேஸ்கில் கொதிகலன் பக்கத்தில் நின்றிருந்தார்.
முந்தைய ஆண்டு அவர் மந்தையில் நோய் கண்டது.
அமைச்சகத்து ஆட்கள் வந்தார்கள். பிறகு லாரிகள்.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு.
அதற்குப் பிறகு இந்தக் கூடத்தில்
சர்க்கரை கேட்கக்கூட வாய் திறந்ததில்லை அவர்.

"முதல் பாட்டில் செவலையின் காதில் 214.
கடைசிப் பாட்டில் 241."

யாரோ சிரித்தார்கள்.
வரைந்தவனுக்குத் தூக்கக் கலக்கம்,
எண் புரண்டுவிட்டது, இதுவும் ஒரு தப்பு,
பட்டியலில் சேர்.

"இல்லை. அது வேறு மாடு."

கொதிகலன் தானாக அணைந்தது.
சொல்லிவிட்டு அவர் தன் கோப்பையைக் கழுவினார்,
மற்றவர்கள் விட்டுப்போன இரண்டையும் கழுவினார்,
பூட்சுக்குள் தேங்கிய மழையைக் கவிழ்த்துவிட்டுக்
காலை நுழைத்துப் போனார்.

நாற்காலிகளை அடுக்கிய பிறகு
படத்தை மறுபடி ஓட்டினேன், ஒலியில்லாமல்.
முதல் பாட்டு, 214. நெற்றியில் சுழி இடப்பக்கம்.
இரண்டாவது, 214.
மூன்றாவதில் கொட்டகைக் கதவு மூடுகிறது.
நம்மை அண்ணாந்து நிலாவைப் பார்க்க வைக்கிறார்கள்.
பதினொரு விநாடி.
நல்ல நிலா, ஒழுங்காக வரைந்த ஒரே பொருள் அதுதான்.
கதவு திறக்கிறது.
241. சுழி வலப்பக்கம்.
மற்றவை வாயசைத்துக்கொண்டே இருக்கின்றன,
ஒன்றுகூடத் தாளம் தப்பவில்லை.

அந்த இடத்தை ஆறு தடவை பார்த்தேன்.
கதவிடுக்கில் ஒரு சக்கரமாவது தெரிகிறதா என்று.

செவ்வாய்க்கிழமை திருப்பி அனுப்ப வேண்டும்.
தாளில் ஒரு கட்டம்: பழுது ஏதும் உண்டா?
இல்லை என்று எழுதினேன்.
அடித்தேன்.
ஒரு பசு குறைகிறது என்று எழுதினேன்.

பதினைந்து டாலர் அபராதம் போட்டு
ரசீது அனுப்பியிருக்கிறார்கள்.
கூரைக் கணக்கில் ஏற்ற முடியாது என்கிறார் லோர்னா,
எதற்கு என்று கேட்பார்களாம்.