மரை பொருந்தும்

தேர்தல் முடிந்து
ஒப்படைத்த துப்பாக்கிகளைத்
திரும்ப வாங்கும் வரிசை,
கோத்தகிரி ஸ்டேஷனில்.
மூன்றாவது ஆள் பெள்ளிராஜ்.
ஸ்வெட்டரில் மூடுபனி ஈரம்.

ரைஃபிளோடு ஒரு கறுப்புக் குழாய்.
சத்தம் அடக்குவது.
இதற்குத் தாள் இல்லையே என்றேன்.
"நல்லா ஏறுது, பாருங்க."
ஏறத்தான் செய்தது,
எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் மாதிரி.

ஆனால் மரையா சுடுகிறது?

அளவுகோலை எடுத்தேன்.
உங்கள் தோட்டா ஏழே முக்கால் மில்லி.
இதன் துளை ஏழு.
முக்கால் மில்லி,
ஒரு தேயிலைத் தூளின் அகலம்.

குழாயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தேன்.
வாய் விளிம்பு
உள்ளிருந்து வெளியே மலர்ந்திருந்தது.
சுற்றிலும் செம்பு தேய்ந்த தடம்.

"இதைப் போட்டு ஒருதரம் சுட்டீங்களா?"

"என்னது?"
இடது காதைத் திருப்பினார்.

இன்னும் சத்தமாகக் கேட்டேன்.
வரிசை முழுக்க என்னைப் பார்த்தது.
அவர் ரைஃபிளைப் பார்த்தார்.
"மிச்சம் இருக்கிற காதுக்காகத்தான் மேடம்,
கழட்டாம வெச்சிருந்தேன்."

ரைஃபிளுக்குக் கையெழுத்து.
குழாயின் பேருக்கு நேரே
பொருந்தாது என்று எழுதி
டிராயரைப் பூட்டினேன்.

மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு
சாலையில் இறங்கினார்.
வலது பக்கம் வந்த தேயிலை லாரி
இரண்டுமுறை ஹாரன் அடித்தது.
பிறகு
மூன்றாம் முறையும்.