போல

தாலினில், ஏழாவது மாடியில், வியாழன் மாலை
வேலை முடிந்தது என்று கோப்பை மூடினேன்.
மடிக்கணினிக்கு வானத்தைப் பார்க்கும் கண் கிடையாது.
அக்கம்பக்கத்து வைஃபை பெயர்களை ஒட்டுக்கேட்டு
இங்கே இருக்கிறேன் போல என்று சொல்லும்.
அட்சரேகை ஓர் எண்.
தீர்க்கரேகை ஓர் எண்.
கூடவே மூன்றாவதாக ஒன்று, மீட்டர் கணக்கில்:
அதுதான் அந்தப் 'போல'.

என் அட்டவணையில் இரண்டு கட்டங்கள்தான் இருந்தன.
மூன்றாவதைக் கையில் வாங்கிக் கீழே போட்டேன்.
பிழைச்செய்தி எதுவும் வரவில்லை.
கீழே போட்டதற்கெல்லாம் வருவதில்லை.

ஊசி கச்சிதமாகக் குத்தி நிற்கிறது என்றான் தொனிஸ்,
வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து.
எல்லை தாண்டினால் கணினி பூட்டிக்கொள்ள வேண்டும்:
கேட்டது அவன்,
நாலே வரியில் எழுதிக் கொடுத்தது நான்.

சனி இரவு பதினொன்று பத்துக்கு
நார்வா நகரில் ஃபைனா குஸ்மினிச்னாவின் கணினி
நாட்டை விட்டுப் போய்விட்டது.
அவள் போகவில்லை.
மீன் பதனிடும் ஆலையின் சம்பளப் பட்டியலில்
நாற்பத்தோராவது பெயருக்கு வந்திருந்தாள், திரை கறுத்தது.

அவசர எண்ணில் அழைத்தாள்:
"அடுப்படியில் நிற்கிறேன், பெண்ணே.
கையில் கரண்டி இருக்கிறது.
என்னை இவான்கோரதுக்கு அனுப்பிவிட்டீர்களாம்.
விசா யார் எடுத்துக் கொடுத்தது?"

ஞாயிறு முழுக்கப் பதிவுகளைக் கிண்டினேன்.
அவள் மாடியேறிப் போய் விசாரித்தாள்.
மேல்வீட்டு ரோதியோனின் அண்ணன்
அக்கரையில் வீட்டைக் காலிசெய்து
பாலத்தின் வழியே சுமந்துவந்த பெட்டிகளில்
ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே ஒரு ரவுட்டர்.
ஆறு கடந்தது அதற்குத் தெரியாது.
யார் கேட்டாலும்
பழைய விலாசத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது எண் அப்போதே எச்சரித்திருக்கிறது:
ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
அவ்வளவு பெரிய 'போல'!
அந்த ஆற்றை மடித்து மடித்து
எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே வைக்கலாம்.

திங்களன்று ஊசியைப் பிடுங்கிவிட்டு வட்டம் போட்டேன்.
தொனிஸ் முகம் சுளித்தான்,
வாடிக்கையாளர் பணம் தருவது ஊசிக்குத்தான் என்றான்.
வட்டத்துக்குள் எதிரெதிரே இரண்டு கோட்டைகள்,
இரண்டு கொடிகள்,
இரு கரையிலும் தூண்டில் போட்டுக் காத்திருப்பவர்கள்,
நடுவில்
இன்னாருடையது என்று நிற்காத தண்ணீர்.

பூட்டுகிற நாலு வரியை அழிக்கவில்லை.
அழிக்கும் உரிமை எனக்கில்லை, அல்லது
இருக்கிறதா என்று நான் கேட்டுப் பார்க்கவில்லை.
மேலே ஐந்தாவதாக ஒன்று சேர்த்தேன்:
'போல' பெரிதாக இருந்தால், பொறு.

செவ்வாய் காலை ஃபைனாவிடமிருந்து கடிதம்.
சம்பளம் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.
உங்கள் வட்டத்துக்குள் எங்கோதான் இருக்கிறேன்.
தேட வேண்டாம்.