வருவதற்கான காரணம்

அந்தக் கேள்விக்குப் படிவத்தில்
ஒன்றரை வரிதான் இடம்.
பொகுமிலா பென்சிலால் 'தூக்கம்' என்று எழுதி
அழித்து, 'முதுகுவலி' என்று எழுதி
அதையும் அழித்ததில்
தாள் அங்கே கொஞ்சம் இளைத்துவிட்டது.

ஓட்டையில்லாத காலுறை தேடினாள்.
படுக்கச் சொல்வார்களாமே?
'அதெல்லாம் சினிமாவில். நாற்காலிதான் அம்மா'
என்றாள் மகள், போனில்.
இருந்தாலும் புதியதையே எடுத்துவைத்தாள்.
சொந்தக் கைக்குட்டை இரண்டு:
அவர்கள் நீட்டும் காகிதத்தில் அழுதால்
கடன்பட்டதுபோல் இருக்கும்.

பதினோரு மாதமாகக் கேட்டவர்களுக்கெல்லாம்
ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறாள்:
மணி அடித்தேன்.
போலீசுக்கு, மேலாளருக்கு,
பாவமன்னிப்புக் கூண்டின் வலைக்கு.
பொய்யில்லை. அடித்தாள்.
பதிவுக் கருவியிலும் இருக்கிறது.
இப்போதும் அதே தடத்தில்தான் ஓட்டுகிறாள்,
அந்த வளைவில் மட்டும்
மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு.

நேற்றிரவு கடைசி நடை முடிந்து
பொஸ்னான் பணிமனையில் டிராமை நிறுத்தினாள்.
விளக்கை அணைத்தாள்.
நிறுத்தங்களைச் சொல்ல பதிவுக் குரல் உண்டு;
வண்டி பழுதானால் மட்டும் எடுக்கும் ஒலிவாங்கியை
வாயருகே இழுத்து
காலி இருக்கைகளுக்குச் சொல்லிப் பார்த்தாள்:

'அவன் தொப்பி பச்சை.'

ஒலிபெருக்கிகள் ஆறும்
ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி முடித்தன.
அதற்குமேல் வரவில்லை.
நடைபாதையெல்லாம் பார்த்து
யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறையை
அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில், இளைத்த அந்த இடத்தில்
பேனாவால் எழுதினாள்.
பச்சைத் தொப்பி.
மை ஊறிப்போய்ப் பின்பக்கம் தெரிந்தது,
'மருந்து ஒவ்வாமை ஏதேனும் உண்டா?'
என்பதன்மேல்.