சம்பளக் கொப்பியில் மூன்றாவது பெயர்

இரண்டே காலுக்கு
என் முதலாளி எழும்பிக் கொண்டை போடுகிறாள்.
நான் கிடந்தால் எழுப்பமாட்டாள்.
கிடாரத்தை இறக்கி வைக்கிற சத்தத்தைக்
கொஞ்சம் கூட்டுவாள், அவ்வளவுதான்.

கட்டாரில் பதினொரு வருசம்
கட்டடங்களுக்கு வெளியே கயிற்றில் தொங்கி
கண்ணாடி துடைத்தவன் நான்.
மாதம் பிறந்தால் காசு போகும்.
காசுக்குப் பின்னால் ஒரு கேள்வி:
"என்னகா செய்றாய்?"
"இடியப்பம் அவிக்கிறன்" என்பாள் நிரஞ்சலா.
இராச்சாப்பாட்டுக்கு என்று நினைத்தேன்.

கொரோனாவுக்கு எங்களைத் திருப்பி அனுப்பினார்கள்.
ஒரு சூட்கேஸ், ஒரு ரைஸ் குக்கர், நான்.
ஆரையம்பதியில் இறங்கி நடந்தால்
என் வீட்டு வாசலில் பலகை:
கிதுஷா காலை உணவு.
பின்வளவில் தகரக் கொட்டில், தரைக்கு டைல்ஸ்,
சுவரில் சுகாதாரப் பரிசோதகர் கையெழுத்திட்ட கடதாசி,
வலைத்தொப்பி போட்ட இரண்டு பெண்கள்.
மெற்றில்டா அக்கா நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:
"தம்பிக்கு ஆரு வேணும்?"

எப்படித் தொடங்கினாய் என்றேன்.
அவள் கதை சொல்லமாட்டாள்,
கடன் கொப்பிதான் சொல்லிற்று:
முதல் நாள் ஐம்பது இடியப்பம், ஒரு போத்தல் சொதி,
காத்தான்குடி புஹாரி காக்காவின் தேத்தண்ணிக் கடை.
பன்னிரண்டு திரும்பி வந்தது.
பக்கத்தில் பென்சிலால்: மா தடிப்பு.
அடுத்த நாள் நான்கு.
அதற்கடுத்த நாள் ஒன்றுமில்லை.
மிசின் வாங்கிய திகதியில்
தோடு அடகு என்று ஒரு வரி.
அந்தத் தோட்டை வைத்துத்தான் நான் கட்டாருக்கும் போனேன்.
பாவம், அதுக்கும் ஓய்வில்லை.

கேஸ் இல்லாத வருசம்
வேலிப் பூவரசு எரிந்தது, பழைய கதவு எரிந்தது,
பிறகு எங்கள் கலியாணக் கட்டில்.
கோடரி என் கையில்.
பாலை மரம், லேசில் பிளக்காது.
"நல்லாத்தான் எரியுது" என்றாள்,
புகைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.
அன்று ஆயிரத்து நூறு வெந்தது.

நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் இரண்டு பெட்டி.
புஹாரி காக்கா இரண்டு தரம் எண்ணுவார்,
எண்ணி முடித்து ஒரு பிளேன்டீ தருவார்.
கல்லடிப் பாலத்தில் காற்று காதுக்குள் ஏறும்,
முதுகுக்கு மட்டும் சூடு.
ஆஸ்பத்திரி கேன்டீனில் நேற்று
வார்ட்டுக்கு வெளியே இரவெல்லாம் குந்தியிருந்த ஒருவர்
பார்சலை அவிழ்த்தார்,
சம்பலை மட்டும் விரலால் தொட்டு வைத்துவிட்டு
மறுபடி மூடிக்கொண்டார்.
யாருக்கோ எடுத்து வைக்கிறார் போல.

எங்கள் வீட்டுக் காலைச் சாப்பாடு
பதினொரு மணிக்கு, நின்றபடி, உடைந்ததுகள்.
மகன் இடியப்பத்தைக் கண்டால் முகத்தைக் கிறுக்குவான்.
அவனுக்கு அச்சுப் பாண்.
அதையும் முதலாளிதான் வாங்கிக் கொடுக்கிறாள்,
எதிரிக் கொம்பனிக்குக் காசு போகுது என்று சிரித்தபடி.

சம்பளக் கொப்பியில்
மெற்றில்டா, புவிதா, பிறகு என் பெயர்.
முதல் மாதம் கையெழுத்து வைக்க வெட்கமாக இருந்தது.
இரண்டாம் மாதம்
லேட்டாக வந்த நாளுக்கு வெட்டியிருந்தாள்,
சண்டை பிடித்தேன்.
வெட்கம் போய்விட்டது.

இன்றைக்கு விடிய முன்
கிதுஷா பள்ளிக்கூடப் படிவத்தோடு வந்து நிற்கிறாள்.
தந்தையின் தொழில்?
இத்தனை வருசம் 'வெளிநாடு' என்றே போட்டவள்
பேனையைக் கடிக்கிறாள்.
நான் தொண்டையைச் செருமுகிறேன்.
ஆவிக்குள் இருந்து, கிறுகாமலே, குரல்:

"அப்பாக்கு விநியோகம் எண்டு போடு.
எனக்குப் போன வருசம் போட்டதையே போடு,
இல்லத்தரசி.
வரிக்காரனுவள் பாத்தாலும் பாப்பானுவள்.

நீங்க என்ன நிண்டு பாக்கிறீங்க,
கல்லடியில சாமத்திய வீடு, இருநூறு கூட.
சொதி ஊத்துப்படாமக் கொண்டு போங்க."