மூன்றுகள் தீர்ந்த நாள்

வெள்ளவத்தையில், காலி வீதியின் கடற்பக்கம்,
இர்ஷாத் நானாவின் நாணயமாற்றுக் கடையில்
விலைப்பலகைக்கு இலக்கம் கொழுவுவது என் வேலை.
பிஸ்கட் தகரத்தில் பிளாஸ்டிக் இலக்கங்கள்,
ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு.
இருநூற்றி மூன்று என்று
மாதக்கணக்காய்த் தூசி பிடித்து நின்றது டொலர்.
இரண்டுகளைத் துடைப்பேன். பிறகு தேநீர்.

பங்குனியில் ஒரு திங்கள் இரவு
மத்திய வங்கி கையை எடுத்தது.
விடிய இருநூற்றி முப்பது.
புதுவருடம் பிறக்குமுன்பே
டொலர், யூரோ, பிராங்க், எல்லாம்
ஒரே இலக்கத்தைக் கேட்டு வந்து நின்றன,
வெளியே காஸ் சிலிண்டரோடு நின்ற சனம் மாதிரி.
தகரத்தில் மூன்று தீர்ந்துபோனது.

"எட்டை வெட்டு பிள்ளை" என்றார் நானா.
சவர பிளேடால் எட்டின் இடப்பக்கத்தை அறுத்தேன்.
மூன்று மாதிரி இருந்தது. மூன்றுதான்.
அறுந்து விழுந்த இரண்டு பிறைகளை
எதற்கென்று தெரியாமல் லாச்சிக்குள் போட்டேன்.
அன்று மாலைக்குள் ஆறு எட்டுகள்.
வைகாசிக்குள் எட்டே இல்லை.

வெளிநாட்டுக் கடனை இப்போது கட்டமாட்டோம் என்று
அரசாங்கம் சொன்ன செவ்வாய்க்கிழமை
கடையில் கரண்ட் இல்லை.
கைபேசி வெளிச்சத்தில் விக்கிரமரத்ன ஐயா
இருபது யூரோத் தாளை நீட்டினார்.
மகள் நாப்போலியில்
யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்டி அனுப்பியது.
முப்பத்துநாலு வருடம் திறைசேரியில் எழுதுவினைஞர்.
கடனை அடைக்க எடுத்த கடன்களை
ஒரு பேரேட்டிலிருந்து இன்னொன்றுக்கு
வடிவான கையெழுத்தில் இறக்கியவர்.
"நோட்டிலே மூண்டு பாஷை இருக்கு பிள்ளை.
வெளியே வித்த பத்திரத்திலே ஒண்டுதான்.
சண்டை வந்தா வழக்கு நியூயோர்க்கிலே."
சொல்லிவிட்டு, ரூபாயை இரண்டு தரம் எண்ணினார்.

ஏதென்சிலிருந்து தயாளசீலன் மச்சான் எடுத்தான்.
அந்த நாடு முறிந்த வருடம்
அங்கே உணவகத்தில் கோப்பை கழுவியவன்.
"உங்கட காசு விழுந்தது. பலகையில தெரியுது.
இஞ்ச ஜெர்மன்காரனுக்கும் எங்களுக்கும் ஒரே காசு,
அது விழாது.
அதால சம்பளம் விழுந்தது, பென்சன் விழுந்தது,
எங்கட முதலாளி ரெண்டாம் மாடியால..."
லைன் அறுந்தது. இல்லை, நான்தான் வைத்தேன்.

பொதுக்காசு நல்லதா கூடாதா, நான் படிக்கவில்லை.
எனக்குத் தெரிந்த பொதுக்காசு ஒன்றுதான்:
கொழும்பில் முழுச் சவர்க்காரம் வாங்கிய அதே தாள்
பாதை பூட்டிய பிறகு யாழ்ப்பாணத்தில்
காற்கட்டிக்குப் போதாமல் போனது.
சிங்கம் அதே சிங்கம், கையொப்பம் அதே கையொப்பம்.

பிறகு வொஷிங்டனிலிருந்து ஆட்கள் வந்தார்கள்,
தண்ணீர்ப் போத்தல்களோடு, தாழ்ந்த குரலில்.
கரண்ட் பில் மூன்று மடங்கு.
வாங்குவதற்கெல்லாம் நூற்றுக்குப் பதினெட்டு.
என் சேமலாப நிதியும்
மறுசீரமைப்பு என்ற சொல்லுக்குள்
போகத்தான் வேண்டுமென்றார்கள்.
பத்திரிகையில் அதற்கு 'முடிவெட்டு' என்று பெயர்.
வாசித்துவிட்டு என் தலையைத் தடவிப் பார்த்தேன்,
பகிடிக்குத்தான்.

இப்போது டொலர் மறுபடி இரண்டில் தொடங்குகிறது.
மீண்டுவிட்டோம் என்கிறார்கள்.
பாணுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.
இன்று யூரோவுக்கு முந்நூற்றிப் பதினெட்டு போட வேண்டும்.
தகரத்தைக் கவிழ்த்துத் துழாவினேன். எல்லாம் மூன்று.
லாச்சிப் பிறைகளை ஒட்டப் பார்த்தேன், நிற்கவில்லை.
ஒரு மூன்றின் இடப்பக்கத்தை
மாக்கரால் வளைத்து மூடினேன்.

பின்னேரம் கடல்மழை சாய்ந்து அடித்தது.
விக்கிரமரத்ன ஐயா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து
பலகையை அண்ணாந்து பார்க்கிறார்:
"பதிமூண்டா பிள்ளை, பதினெட்டா?"
இருபது யூரோவுக்கு நூறு ரூபா வித்தியாசம்.
நானா மேலே தொழுகையில்.
தொட்டுப் பார்த்தால் விரலில் மை.
பாண் வாங்கும் துணிப்பையை
நாலாய் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
அவசரமில்லை என்கிறார் ஐயா.