பிடி இறுகினால்

முதலில் கடலை மூடு.
படகின் அடியில் ஒரு பித்தளைச் சாவி, கால் சுற்று.
மறந்த ஒருத்தன் பெர்னாம் ஆற்றைத்
தன் மெத்தைக்கே வரவழைத்தான்.

ஊத்தான் மெலிந்தாங் படகுத்துறை,
ஞாயிறு காலை, வற்றம்.
தவுக்கே பூன் லியோங்கின் படகு சேற்றில் சாய்ந்து கிடக்கிறது.
அவர் குளியலறை என்று சொல்லும் அலமாரிக்குள்
நான் இரண்டாக மடிந்து
டார்ச்சைப் பல்லில் கடித்திருக்கிறேன்.

பிடி அசையவில்லை.
நேற்று மருமகன் இரு கையாலும் இழுத்தானாம்,
அதற்கு முந்தின வாரம்
அரைப் போத்தல் சமையல் எண்ணெய் ஊற்றினானாம்.

சிரிப்பு வருகிறது.
இந்த ஊரே செம்பனை எண்ணெயில் மிதக்கிறது.
லோரி லோரியாய்க் குலை போகும்,
ஆலையின் புளித்த வாடை
பள்ளிக்கூடத்து மணியோடு சேர்ந்து வரும்.
எங்கள் கடன், எங்கள் தீபாவளிச் சட்டை
எல்லாம் அதில் வழுக்கி வந்ததுதான்.
இந்த ஒற்றை ரப்பர் வளையத்துக்கு மட்டும்
அது இரண்டு நாள் உறவு.
மூன்றாம் நாள் பிசின்.

ஆறு திருகாணி. ஐந்து சொன்னபடி கேட்டன.
ஆறாவதோடு அரை மணி நேரம்.
பிறகு தண்டு, மூடி, பிஸ்டன்,
அதன் இடுப்பில் தேய்ந்து தட்டையான
கறுப்பு வளையம்.

எனக்கு இது புதிதில்லை.
பதினோரு வருடம் முதுகில் பம்பு சுமந்தவள்.
தொட்டி நிறைய களைக்கொல்லி,
இடக்கையில் பிடி, வலக்கையில் குழல்,
அடித்து அடித்து வரிசைக்கு வரிசை.
பிடி இறுகினால் மண்டோர் சொல்வார்,
"தண்ணி குடிச்சிட்டு அடி."
நான் குடித்தால் அது இளகுமா?
ஒரு மத்தியானம் மட்டை நிழலில் உட்கார்ந்து பிரித்தேன்.
இதே தண்டு. இதே வளையம்.
ஒரு பக்கம் மட்டும் திறக்கிற இதே வால்வு.
அன்றிலிருந்து பதினாறு பெண்களின் பம்பும் என் மடியில்.
கூலி இல்லை. பவளக்கொடி போடும் நெல்லி ஊறுகாய்.

குழாய்க்குள் வெள்ளையாய்ப் படிந்திருக்கிறது.
நாம் விடுவதும் கடல் உப்பும் கலந்தால் கல்லாகும்.
ராத்திரியே காடியில் ஊற வைத்திருக்கலாம்.
இப்போது பழைய பல்துலக்கி, வேறென்ன.
கடைசி வால்வு ரப்பர் உதடு மாதிரி:
போனது திரும்பி வராமல் காக்க வேண்டியது.
தொங்கிவிட்டது. மாற்றினேன்.

வாசலின் வேண்டாம், ரப்பர் அதைக் குடித்து உப்பும்.
சிலிக்கன் கிரீஸ், பட்டாணி அளவு,
விரலால் சுற்றிலும்.
அப்பிப் பூசுகிறவன் பயந்தவன்.

எதிர்வீட்டுக் குணவதி கேட்டாள்,
"அந்த வேலைக்கா போறே?"
அந்த என்ற சொல்லை
இரண்டு விரலால் தூக்குவதுபோல் சொன்னாள்.
கக்கூசு என்ற வார்த்தையே
டச்சுக்காரன் கப்பலில் வந்து இறங்கியதாம்.
நான் அதைத் திரும்ப ஏற்றிவிடுகிறேன், குணவதி,
எண்பது வெள்ளிக்கு. வளையத்துக்குத் தனி.

பூட்டியாயிற்று. ஆனால் சோதிக்க ஆறு இல்லை,
சேறுதான் இருக்கிறது.
தவுக்கே கோப்பி ஓ வாங்கி வருகிறார்.
பிளாஸ்டிக் பையில், கயிறு கட்டி.
இருவரும் நண்டுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம்.
"வாரம் ஒருமுறை
யாரும் போகாவிட்டாலும் இருபது தடவை அடிங்க," என்கிறேன்.
"சும்மா கிடந்தால் இறுகிவிடும்."
அவர் தன் முழங்காலைத் தேய்த்துக்கொள்கிறார்.

பதினொன்றரைக்குப் படகு மெல்ல நிமிர்ந்தது.
சாவியைத் திறந்தேன்.
மேலே, கீழே. சத்தமில்லை.
கிண்ணத்துக்குள் பெர்னாம் ஆறு
தேத்தண்ணீர் நிறத்தில் சுழன்று வந்து
சுழன்று போயிற்று.

போதும் என்றார் தவுக்கே.
இடத்தோள் நிறுத்தவில்லை.
அது இன்னும் எண்ணிக்கொண்டிருந்தது,
வரிசை முடிகிற மரத்தைத் தேடி.