கடல்மட்டத்து அட்டவணை

காலையில் முதலில் ஊதுவது மனிதர் அல்ல,
மூன்று லிட்டர் பிடிக்கும் ஒரு சிரிஞ்ச்.
கருவியின் வாயில் செருகி
ஒரே சீராகத் தள்ளுவேன்.
திரையில் மூன்று வந்தால்தான் கதவைத் திறப்பேன்.
நெஞ்சில்லாத மூச்சு அது.
இருமாது. கெஞ்சாது.
ஓருரோவின் குளிரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது.

இன்று முதல் சீட்டு அனிசெத்தோ கொல்கே.
வயது ஐம்பத்தொன்று,
உயரம் நூற்று அறுபத்திரண்டு,
வெள்ளீயச் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருடம்
துளைக்கும் எந்திரத்தோடு.
கன்னத்தில் ஒதுக்கியிருந்த கோகா இலையைக்
காகிதத்தில் துப்பி, மடித்து,
பத்திரமாகப் பையில் வைத்தார்.
மூக்குக்குக் கவ்வி. பல்லுக்கு அட்டைக் குழாய்.

"வாங்குங்க, இன்னும் வாங்குங்க,
இப்ப விடுங்க! விடுங்க விடுங்க விடுங்க..."
கெச்சுவாவில் நான் கத்துவது
தெருமுனை ரொட்டிக்காரிக்கும் கேட்குமாம்.

முதல் தடவை இருமல்.
இரண்டாவதில் நான்காம் நொடியிலேயே நிறுத்திவிட்டார்.
வேண்டுமென்று குறைத்து ஊதுகிறவர்கள் உண்டு,
எனக்குத் தெரியும்;
அவர்களின் கோடு நடுங்கும், ஒன்றுபோல் இன்னொன்று வராது.
இவருடைய அடுத்த மூன்றும்
ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் படிந்தன.
இருந்ததையெல்லாம் கொட்டியவரின் கோடு.

நுரையீரலுக்கென்று ஒரு தசைகூடக் கிடையாது.
உதரவிதானம் இழுத்தால் விரியும்,
விட்டால் தானே சுருங்கும்,
இரவுப் பணிக்கும் கூலி கேட்காத ஆள்.
உள்ளே கோடிக்கணக்கில் சிற்றறைகள்.
வெங்காயச் சருகு
அவற்றின் சுவருக்கு முன் செங்கல்.
அங்கேதான் பாறைத் தூள் குடியேறுகிறது.
வாடகை தராது, காலி செய்யாது,
தழும்பின்மேல் தழும்பாகப் பூசிக்கொண்டே இருக்கும்.

மூன்று புள்ளி ஏழு லிட்டர்.
எதிர்பார்த்ததில் தொண்ணூற்றிரண்டு சதவீதம்.
இயல்பு, என்றது திரை, பச்சையில்.

எண்பதுக்குக் கீழே விழுந்தால்தான்
இழப்பீட்டுக் கமிஷன் கோப்பைப் பிரிக்கும்.
அவருக்கு அது தெரியும்.
பச்சையைப் பார்த்து என்னைப் பார்த்தார்.
மூச்சு வாங்கியது அவருக்கு.
எங்கிருந்து வாங்குகிறார், எந்தக் கடனில்?

எதிர்பார்த்தது யார்?
அந்த அட்டவணைக்காக ஊதியவர்கள்
கப்பல் சத்தம் கேட்கும் ஊர்க்காரர்கள்.
இங்கே, மூவாயிரத்து எழுநூறு மீட்டரில்,
காற்று மெலிவு;
பிள்ளைகளின் மார்புக்கூடு பீப்பாயாக வளர்கிறது.
தன்னில் கால்பங்கைத் தொலைத்த பிறகுதான்
மலைக்காரன் கடற்கரைக்காரனின் முழுமைக்கு
இறங்கி வருகிறான்.
கருவியோ அவனிடம்
"சௌக்கியமா" என்கிறது.

அப்போதுதான் அவர்
கல்யாணப் பத்திரத்தின் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து
ஒரு பழுப்புக் காகிதத்தை எடுத்தார்.
வேலைக்குச் சேர்ந்த நாளில் ஊதியது.
தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் மணி,
அதில் கட்டிய பேனா,
நீல மையில் ஏறிய கோடு:
ஐந்து புள்ளி நான்கு.
"முப்பது பேரில் நான்தான் பெரியவன்.
ஃபோர்மன் பியர் வாங்கித் தந்தான்.
அதற்காகத்தான் வைத்திருந்தேன்."

கணக்குப் போட்டேன்.
வயது தின்றது அரை லிட்டர், போகட்டும்.
மீதி ஒரு லிட்டருக்கு மேல்
யாருடைய வீட்டில் இருக்கிறது?

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
பழைய தாளைப் புதிய தாளின்மேல் வைத்துக்
குண்டூசி குத்தினேன்.
ஓரத்தில் எழுதினேன்:
இவரை இவரோடு ஒப்பிடவும்.
கமிஷன் படிக்குமா, தெரியாது.

கிளம்பும்போது கேட்டார்:
"எல்லாம் ஊதித் தீர்த்த பிறகும்
உள்ளே ஏதாவது மிச்சம் இருக்குமா?"
இருக்கும். ஒரு லிட்டருக்கு மேல்.
எவராலும் ஊதி வெளியேற்ற முடியாதது;
இந்தக் கருவி அதைப் பார்க்காது.
"அப்படியானால் அது என்னுடையது" என்றார்,
இலையை மறுபடி கன்னத்தில் வைத்தபடி.

வெளியே பதினொரு படிகள்.
காது கொடுத்து எண்ணினேன்.
நான்கு.
நின்றார்.
அடுத்த சீட்டை நான் இன்னும் கூப்பிடவில்லை.